பாடசாலைக் கதவும் பொதுப் பணமும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாடசாலை அனுமதி, ஆசிரியர் தொழில், நிர்வாகத்தின் மீதான மேற்பார்வை ஆகியவற்றைச் சுற்றியே இருந்தன. அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொண்டுள்ளேன். முதற் கடிதம் அமெரிக்காவைப் பற்றியது. அதற்கான பதில் மற்றக் கடிதங்களுக்கும் உதவும் என்பதால் அதற்கே கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் குடும்பத்தோடு கலிபோர்னியாவில் இருக்கிறார். பேரனை அங்குள்ள ஒரு சார்ட்டர் பாடசாலையில் சேர்க்க விண்ணப்பித்தார்கள். குலுக்கல் நடந்து, காத்திருப்போர் பட்டியலில் 41ஆம் இடம் என்று மின்னஞ்சல் வந்ததாம். அரச பாடசாலை என்கிறார்கள். தனியார் சபை நடத்துகிறது என்றும் சொல்கிறார்கள். இது எந்த வகைப் பாடசாலை? நன்கொடை கொடுத்தாவது இடம் எடுக்க முடியாதா? பிள்ளையின் விசாவைக் கேட்பார்களா?
— ஒரு தாத்தா, கொட்டாஞ்சேனை

பதில்: ஐயா, உங்கள் குழப்பம் நியாயமானது. பட்டயக் கணக்காளர் என்று நாம் சொல்லும்போது வரும் அதே பட்டயம்தான் சார்ட்டர் என்ற சொல். பொதுப் பணத்தில் நடக்கும் ஒரு பாடசாலையை அரசாங்கம் தானே நடத்தாமல், ஒரு சபையிடம் குறிப்பிட்ட காலத்துக்கு எழுத்தில் ஒப்படைக்கிறது. அந்த எழுத்துதான் பட்டயம். மாணவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. அன்றாட நிர்வாகத்தில் சபைக்குச் சுதந்திரம் உண்டு. வாக்குக் கொடுத்தபடி நடக்காவிட்டால் பட்டயம் பறிபோகும். ஆகவே பணத்தாலும் கடமையாலும் அது பொதுப் பாடசாலை. நடத்தும் கை மட்டுமே வேறு.

இந்த எண்ணத்தை 1988இல் நாடறியப் பேசியவர் ஆல்பர்ட் ஷங்கர். அவர் அப்போது அமெரிக்க ஆசிரியர் சம்மேளனத்தின் தலைவர் என்பதை இங்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ஆசிரியர்களின் கைகளைக் கட்டிப்போட வந்த திட்டம் என்று இதைப் பற்றிப் பலர் நினைக்கிறார்கள். முதற் சட்டத்தை மினசோட்டா மாநிலம் 1991இல் இயற்றியது. அங்கே சென்ட் போல் நகரில் 1992இல் முதற் பாடசாலை திறந்தது. அதே 1992இல் கலிபோர்னியா இரண்டாவது மாநிலமாகச் சட்டம் இயற்றியது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இத்தகைய சட்டம் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு. நியூயோர்க்கில் இருக்கும் உறவினர் சொன்ன விதியை வைத்துக் கலிபோர்னியாவில் வாதாட முடியாது. நான் கீழே சொல்வது கலிபோர்னியாவின் கல்விச் சட்டத் தொகுப்பில் உள்ளதே.

அனுமதியில் சட்டத்தின் அடிப்படை எளிமையானது: படிக்க விரும்பி வரும் எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். விண்ணப்பங்கள் இடங்களைவிடக் கூடினால், பகிரங்கமாகக் குலுக்கல் நடத்த வேண்டும். ஏற்கெனவே அங்கு படிக்கும் பிள்ளைகளுக்கும், அந்தப் பாடசாலை மாவட்டத்தில் (அதாவது, அங்கு பொதுப் பாடசாலைகளை நடத்தும் உள்ளூர் அமைப்பின் எல்லைக்குள்) வசிப்போருக்கும் முன்னுரிமை உண்டு. சகோதரர்கள், அங்கு வேலை செய்வோரின் பிள்ளைகள் போன்றோருக்கும் முன்னுரிமை கொடுக்கலாம், ஆனால் பட்டயம் வழங்கும் அதிகாரசபை அதைப் பகிரங்க அமர்வில் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். அந்த முன்னுரிமை ஊனமுற்ற பிள்ளைகளையோ, படிப்பில் பின்தங்கியோரையோ, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்போரையோ, வறியோரையோ வெளியே தள்ளுவதாக அமையக் கூடாது. பெற்றோர் இத்தனை மணிநேரம் தொண்டு வேலை செய்ய வேண்டும் என்பதைச் சேர்ப்பதற்கோ தொடர்ந்து வைத்திருப்பதற்கோ நிபந்தனையாக்கவும் முடியாது. பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்பே பழைய பாடசாலையின் அறிக்கைகளைக் கேட்பதும், கெட்டித்தனம் குறைந்த பிள்ளையின் பெற்றோரிடம் ‘இது உங்கள் பிள்ளைக்குச் சரிவராது’ என்று பக்குவமாகச் சொல்லித் திருப்பி அனுப்புவதும் தடைசெய்யப்பட்டவை. இந்தக் கடைசி விதியைப் படித்தபோது, சட்டம் எழுதியவர்கள் பாடசாலை அலுவலகங்களின் வாசலில் நின்று பார்த்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

எனவே நன்கொடைக் கேள்விக்குப் பதில்: கொடுக்க வேண்டாம், ஐயா, கொடுத்தாலும் 41 என்ற எண் 40 ஆகக் கூடாது. குலுக்கலில் விழுந்த வரிசையை மாற்றுவது பாடசாலையின் பட்டயத்தையே ஆபத்துக்குள்ளாக்கும் செயல். காத்திருப்போர் பட்டியல் கோடை முழுவதும் நகர்வது வழக்கம், ஏனெனில் பல பாடசாலைகளுக்கு விண்ணப்பித்த பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்ற இடங்களை விட்டுக்கொடுப்பார்கள். மின்னஞ்சலைத் தவறாமல் பார்த்து, கேட்ட நாளுக்குள் பதில் அனுப்புவதே உங்கள் மகன் செய்யக்கூடியது. அதற்கிடையில் வீட்டுக்கு உரிய மாவட்டப் பாடசாலையில் பேரனுக்கு இடம் உண்டு. சார்ட்டருக்குத்தான் போக வேண்டும் என்று எந்தப் பிள்ளையையும் மாவட்டம் கட்டாயப்படுத்த முடியாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

விசாவைப் பற்றி: குடிவரவு நிலையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளைக்குப் பொதுப் பாடசாலைக் கல்வியை மறுக்க முடியாது என்று அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. சார்ட்டர் பாடசாலையும் பொதுப் பாடசாலை என்பதால் அந்தத் தீர்ப்பு அதற்கும் பொருந்தும். முகவரிக்கு ஆதாரம் கேட்கலாம். கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்து முடிவெடுக்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவைக்கிறேன், ஏனெனில் அது தமிழ்க் குடும்பங்களுக்கு நேரடியாகப் பயன்படும். சேர்ந்த பிள்ளையை எந்தக் காரணத்துக்காக வெளியேற்றுவதாக இருந்தாலும், குறைந்தது ஐந்து பாடசாலை நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த அறிவித்தல் பிள்ளையின் அல்லது பெற்றோரின் தாய்மொழியில் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. உங்கள் மருமகள் ஆங்கிலத்தில் தடுமாறுபவர் என்றால், தமிழில் கடிதம் கேட்பது அவருடைய உரிமை. கேட்கத் தயங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஒரு சர்வதேச பாடசாலையில் ஏழு வருடமாகக் கற்பிக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு வருடத்துக்கான புதிய கடிதம் தந்து கையொப்பம் வாங்குவார்கள். முதல் இரண்டு வருடம் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டவில்லை, பயிற்சிக் காலம் என்றார்கள். இந்த வருடம் கடிதம் தரவில்லை, ஜனவரியில் வர வேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். ஆசிரியர்களுக்குத் தொழிற் சட்டம் பொருந்தாது என்கிறார் நிர்வாகி. அது உண்மையா?
— ஆசிரியை, தெஹிவளை

பதில்: உண்மையில்லை, தங்கையே. இந்தியாவில் ஆசிரியர் ‘தொழிலாளர்’ என்ற வரைவிலக்கணத்துக்குள் வரமாட்டார் என்று 1988இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தி எப்படியோ கடல் தாண்டி வந்து நம்முடைய நிர்வாகிகளின் வாயில் தங்கிவிட்டது. இலங்கையில் 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் அப்படிக் குறுகலாக எழுதப்படவில்லை. எந்தத் தகைமையில் என்றாலும் ஒரு தொழில்தருநருடன் ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்பவர் அதற்குள் அடங்குவார். கையில் வெண்கட்டி பிடிப்பதால் நீங்கள் அதிலிருந்து விலக்கப்படவில்லை.

முதலில் அவசரமானது. வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபையில் விண்ணப்பம் தாக்கல் செய்ய வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கிறது, அடுத்த தவணையில் எடுப்பார்கள் என்று நம்பி இந்தக் காலத்தைக் கடத்திவிட்டுப் பிறகு வருபவர்களைக் கண்டு நான் பல தடவை மனம் நொந்திருக்கிறேன். நாட்காட்டியில் இன்றே குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னதை எழுத்தாக்குவதற்கு ஒரு வழி உண்டு: ‘இன்ன திகதி, இன்ன நேரம் தாங்கள் என்னிடம் தொலைபேசியில் கூறியபடி…’ என்று தொடங்கி ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒவ்வொரு வருடமும் புதிய கடிதம் தருவதன் நோக்கம், தொடர்ச்சியான சேவை இல்லை என்று பின்னர் வாதாடுவதுதான். நியாயசபை காகிதத்தின் தலைப்பை மட்டும் பார்ப்பதில்லை. இடைவெளியின்றி ஏழு வருடம் ஒரே வேலையை ஒரே இடத்தில் செய்தீர்களா என்று பார்த்து, நியாயமும் ஒப்புரவும் எதுவோ அதன்படி கட்டளையிடும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆகவே ஏழு கடிதங்களையும் சேர்த்து வையுங்கள். நேர அட்டவணை, மாணவர் அறிக்கையில் இட்ட கையொப்பம், வங்கிக் கணக்கில் விழுந்த சம்பளம் எல்லாமே சாட்சிதான். அங்கு பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், ஒழுக்காற்றுக் காரணம் அல்லாத வேலை நீக்கத்துக்கு உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்வதையும் உங்கள் சட்டத்தரணியிடம் நினைவுபடுத்துங்கள். எந்த வழியில் போவது உங்களுக்கு நல்லது என்று அவர் கடிதங்களைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.

ஊழியர் சேமலாப நிதியில் பயிற்சிக் காலம், நிரந்தரம் என்ற பேதம் கிடையாது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தொழில்தருநர் 12 வீதமும், உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் தன் கையிலிருந்து 3 வீதம் கட்ட வேண்டும். கட்டாத இரண்டு வருடத்துக்காகத் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யுங்கள்; தாமதித்த தொகைக்கு மேலதிகக் கட்டணமும் சேர்த்து அறவிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. ஐந்து வருடம் பூர்த்தியானதால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் உங்களுக்கு உரியது, பதினைந்து பேர் வேலை செய்யும் இடமாக இருந்தால்.

இந்தக் கடிதத்தை அமெரிக்கக் கடிதத்துக்கு அடுத்து வைத்ததற்குக் காரணம் உண்டு. கலிபோர்னியாவில் சார்ட்டர் பாடசாலை தொடங்க மனுச் செய்யும்போதே பதினைந்து விடயங்களை விவரித்து எழுத வேண்டும். அவற்றுள் ஆசிரியர்களின் தகைமை, அவர்களுடைய ஓய்வூதிய ஏற்பாடு, மாவட்டப் பாடசாலையை விட்டு வந்தவருக்குத் திரும்பிப் போகும் உரிமை உண்டா இல்லையா என்பன அடங்கும். கூட்டுப் பேரம் பேசுவதற்குத் தொழில்தருநர் யார் என்பதையும் மனுவிலேயே அறிவிக்க வேண்டும். மனுவுக்கு, முதலாம் வருடத்தில் எதிர்பார்க்கும் மாணவரில் பாதித் தொகையினரின் பெற்றோரோ, அல்லது வேலைக்கு எடுக்கப்போகும் ஆசிரியரில் பாதிப் பேரோ கையொப்பமிட்டிருக்க வேண்டும். எந்த ஆசிரியரையும் சார்ட்டர் பாடசாலைக்குப் போகும்படி மாவட்டம் கட்டாயப்படுத்தக் கூடாது. நியூயோர்க் சட்டம் சான்றிதழ் இல்லாத ஆசிரியர்களுக்கு ஓர் எல்லைக்குள் இடம் தருகிறது; கலிபோர்னியா 2019இல் திருத்தம் கொண்டுவந்து, தாம் கற்பிக்கும் பாடத்துக்குரிய சான்றிதழ் எல்லோருக்கும் வேண்டும் என்று இறுக்கியது. அங்கும் ஆசிரியர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. மாவட்டப் பாடசாலை ஆசிரியருக்கு இருக்கும் வேலைப் பாதுகாப்பு பல சார்ட்டர் ஆசிரியர்களுக்கு இல்லை என்பது நெடுங்காலக் குறை. ஆனால் பாடசாலையின் கதவு திறக்கும் முன்பே ஆசிரியரின் நிலைமை பகிரங்கமான ஓர் ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கிறது. உங்களுக்கு அது ஏழு வருடம் கழித்துத் தொலைபேசியில் சொல்லப்படுகிறது.

கேள்வி: தரம் 1க்கு என் மகளுக்கு மூன்று பாடசாலைகளிலும் இடம் கிடைக்கவில்லை. பாடசாலைக்கு அரைக் கிலோமீற்றருக்குள் வாடகைக்கு இருக்கிறோம். எங்களை விடத் தூரத்தில் இருப்பவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. யாரிடம் போவது?
— ஒரு தந்தை, மட்டக்குளி

பதில்: நான் பணியிலிருந்த காலத்தில் ஒரு நேர்முகப் பரீட்சைச் சபையில் அமர்ந்திருந்தபோது, மோதறையிலிருந்து வந்த ஒரு தாயைச் சந்தித்தேன். சீனிப் பையொன்றில் காகிதங்களைச் சுற்றி, அதன் மேல் றப்பர் வளையம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கிராம அலுவலரின் கடிதம் எல்லாம் இருந்தன. வாடகை ஒப்பந்தம் இல்லை. வீட்டுக்காரர் வரிக்குப் பயந்து எழுதிக் கொடுக்கவில்லையாம். மின்சாரப் பட்டியலும் தண்ணீர்ப் பட்டியலும் வீட்டுக்காரரின் பெயரில். அவர் அந்தத் தெருவில் பதினோரு வருடம் வாழ்ந்திருக்கிறார், ஆனால் புள்ளித் தாளில் அந்தப் பதினோரு வருடத்துக்கு நான் எழுத முடிந்தது மிகச் சொற்பம். பிள்ளை மேசை ஓரத்தில் உரிந்திருந்த வண்ணத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தது. அந்த மேசை இன்றைக்கும் என் கண்முன் நிற்கிறது.

சுற்றுநிருபத்தின்படி இடங்களில் 50 வீதம் அண்மையில் வசிப்போருக்கும், 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கும், 15 வீதம் அங்கு படிக்கும் பிள்ளைகளின் சகோதரருக்கும், 5 வீதம் கல்வித் துறையில் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்கும், 4 வீதம் இடமாற்றம் பெற்ற அரச ஊழியரின் பிள்ளைகளுக்கும், 1 வீதம் வெளிநாட்டிலிருந்து திரும்பியோரின் பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அரசு பொறுப்பேற்ற மதசார்புப் பாடசாலைகளில், பொறுப்பேற்ற வேளையில் இருந்த மத விகிதத்தையும் பார்க்க வேண்டும். ஆகவே உங்களை விடத் தூரத்தில் இருப்பவர் வேறு பிரிவில் வந்திருக்கலாம். அதே பிரிவில் வந்திருந்தாலும், அவருடைய பெயர் வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயரை விட அதிக வருடம் தொடர்ச்சியாக இருந்திருக்கலாம். ‘அண்மை’ என்பதை அளப்பது அடிக்கோல் மட்டுமல்ல, காகிதமும்தான்.

செய்ய வேண்டியது இது. தற்காலிகப் பட்டியல் அறிவித்தற் பலகையில் போடப்படும். அதில் உள்ள புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, குறித்த காலத்துக்குள் மேன்முறையீடும், பொய்யான முகவரி என்று சந்தேகித்தால் ஆட்சேபணையும் எழுத்தில் கொடுங்கள். அந்தக் கட்டம் முடிந்துவிட்டதென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் பிள்ளையின் புள்ளித் தாளையும், உங்கள் பிரிவில் கடைசியாகத் தெரிவான பிள்ளையின் மொத்தப் புள்ளியையும் கேளுங்கள். சமத்துவ உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அது விசாரணையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. பணம் கேட்டவர் யாராவது இருந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

குலுக்கல் முறையில் இருக்கும் ஒரு நன்மை, அது வீட்டு உறுதியைக் கேட்பதில்லை. ஆயினும் குலுக்கலுக்கும் ஒரு வாசல் உண்டு: இப்படி ஒரு பாடசாலை இருக்கிறது, இன்ன நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று தெரிந்தவரின் பெயர்தான் பெட்டிக்குள் விழும். இரண்டு வேலை செய்யும் தாய்க்கு அது தெரியாமலே போகலாம். இரண்டு முறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின், நம்முடைய 25 வீதப் பழைய மாணவர் ஒதுக்கீட்டைக் குறைக்க வேண்டும் என்ற என் எண்ணம் இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது. பாட்டனும் தந்தையும் உள்ளே போன வாசல் வழியே பேரனும் போவதற்குப் பொதுப் பணம் செலவாகக் கூடாது. இதை எழுதினால் பழைய மாணவர் சங்கங்களிலிருந்து கடிதம் வரும் என்று தெரியும். வரட்டும், பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நம்முடைய ஊரில் மிஷனரிகளும் இந்து, பௌத்த, முஸ்லிம் சங்கங்களும் அரச உதவியோடு பாடசாலை நடத்தினார்கள். அமெரிக்காவில் ஒரு தேவாலயமோ கோவிலோ சார்ட்டர் பாடசாலை நடத்தலாமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு முடியாது. ஒக்லஹோமா மாநிலத்தில் ஒரு கத்தோலிக்க இணையவழிப் பாடசாலைக்குப் பட்டயம் வழங்கப்பட்டது. அது செல்லாது என்று அம்மாநில உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. வழக்கு அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றத்துக்குப் போனபோது ஒரு நீதியரசர் விலகியிருந்ததால், 2025 மே மாதம் நான்குக்கு நான்கு என்று சமமாகப் பிரிந்து, கீழ்த் தீர்ப்பு அப்படியே நின்றது. சமமாகப் பிரிந்த தீர்ப்பு மற்ற மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. எனவே இந்தக் கேள்வி மறுபடியும் அங்கே வரும். வழக்கின் முடிச்சு, சார்ட்டர் பாடசாலை அரசின் அங்கமா, அரசோடு ஒப்பந்தம் செய்த தனியாரா என்பதே. நம் நாட்டில் 1960இலும் 1961இலும் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது நடந்த விவாதமும் ஏறக்குறைய இதுவேதான்.

கேள்வி: என் பிள்ளைகள் படிக்கும் சர்வதேச பாடசாலை வருட நடுவில் கட்டணத்தை உயர்த்தியது. கல்வி அமைச்சில் கேட்டால் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறார்கள். சார்ட்டர் முறையை இங்கே கொண்டுவந்தால் என்ன?
— ஒரு தந்தை, பம்பலப்பிட்டி

பதில்: அமைச்சு அலுவலர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை, அவரிடம் சட்டம் இல்லை. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றதோடு, ஐந்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கென்று புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்கும் வழியையும் அடைத்தன. அடைத்த கதவின் பக்கத்தில் பின்னாளில் வேறொரு வாசல் திறந்தது: சர்வதேச பாடசாலைகள் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கம்பனிகளாகப் பதிவு செய்யப்பட்டன. கம்பனிப் பதிவாளர் பணிப்பாளர் சபையின் பெயர்களையும் வருடாந்த அறிக்கையையும் கேட்பார். யார் கற்பிக்கிறார், எந்தப் பிள்ளை எந்தக் காரணத்தால் வெளியேற்றப்பட்டது என்று கேட்கமாட்டார். அடிப்படை உரிமை வழக்கு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிரானது என்பதால், தனியார் கம்பனிக்கு எதிராக அதையும் கொண்டுபோக முடியாது. உங்களுக்கு மிஞ்சுவது ஒப்பந்தம் ஒன்றே. சேர்க்கும்போது கையொப்பமிட்ட படிவத்தை எடுத்து, கட்டணம் மாற்றுவது பற்றி என்ன எழுதியிருக்கிறது, எவ்வளவு முன்னறிவித்தல் தர வேண்டும் என்று பாருங்கள். ஒன்றும் எழுதியிருக்காவிட்டால் அதுவே உங்கள் வாதம்.

சார்ட்டர் முறையை அப்படியே இறக்குமதி செய்வதை நான் ஆதரிக்கமாட்டேன். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியை இன்றும் தாங்கி நிற்பது அரச பாடசாலைகளின் வலைப்பின்னல். கண்டாவளையிலும் பதுளையிலும் ஆசிரியர் போதாமல் கிடக்கும் பாடசாலையை விட்டுவிட்டு, கொழும்பில் நன்றாக நடத்தக்கூடிய சபைகளுக்குப் பணம் கொடுத்தால், அந்தப் பணம் எங்கிருந்து எடுக்கப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவிலும் மாவட்டங்கள் இதே முறைப்பாட்டைத்தான் செய்கின்றன. வோஷிங்டன் மாநிலத்தில், மக்கள் தெரிவுசெய்யாத ஒரு சபையின் கையிலிருக்கும் பாடசாலைக்குப் பொதுப் பாடசாலைப் பணத்தைக் கொடுக்க முடியாது என்று 2015இல் அம்மாநில உயர் நீதிமன்றம் சட்டத்தையே இரத்துச் செய்தது. மறுவருடம் நிதி வரும் வழியை மாற்றிப் புதிய சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. தனியார் பாடசாலை ஒன்று பெயரை மாற்றிக்கொண்டு சார்ட்டராகிவிடுவதைக் கலிபோர்னியா தடுத்திருப்பதையும் கவனியுங்கள். நீங்கள் விரும்புவது அதுவாக இருந்தால், அங்கேயே அது நடக்காது.

எடுத்துக்கொள்ள வேண்டியது மேற்பார்வை எழுதப்பட்டிருக்கும் விதத்தைத்தான். அங்கே பட்டயம் கொடுத்த அதிகாரசபை வருடத்துக்கு ஒரு தடவையாவது பாடசாலைக்கு நேரில் போக வேண்டும். நிதி நிலைமையைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். அதற்கான செலவாகப் பாடசாலை வருமானத்தில் 1 வீதம் வரை அறவிடலாம். சுயாதீனக் கணக்காய்வு ஒவ்வொரு வருடமும் நடக்க வேண்டும். 2019இல் இயற்றிய சட்டத்தால், சபைக் கூட்டங்கள் பகிரங்கமாக நடக்க வேண்டும். ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பெறலாம். சபை உறுப்பினர் தமக்கே ஒப்பந்தம் கொடுத்துக்கொள்ள முடியாது. இலாப நோக்குள்ள நிறுவனம் சார்ட்டர் நடத்துவதையும் அதே வருடத்திலிருந்து தடுத்துவிட்டார்கள். பட்டயத்தை மீறினால், பணத்தைத் தவறாகக் கையாண்டால், மாணவர் அடைவு வாக்களித்தபடி வராவிட்டால், சட்டத்தை மீறினால் பட்டயத்தை இரத்துச் செய்யலாம் என்று காரணங்களும் எழுதப்பட்டிருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் பணத்தை இழந்து, பிள்ளைகள் நடு வருடத்தில் வீதிக்கு வந்து, அனுபவப்பட்ட பிறகு எழுதிய வரிகள். இவற்றில் பாதியையாவது கொண்ட ஒரு சட்டம் சர்வதேச பாடசாலைகளுக்காக இங்கே வர வேண்டும் என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். இரண்டு தரப்பு அமைச்சர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், மூத்த பிள்ளையை அரச உதவி பெறும் தனியார் பாடசாலைக்கு மாற்ற எண்ணுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கே உங்கள் கையில் ஒரு கருவி கூடுதலாக உண்டு. முழுமையாகவோ பகுதியாகவோ அரச நிதி பெறும் தனியார் கல்வி நிறுவனங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வருகின்றன. ஆகவே சேர்ப்பதற்கு முன்பே தகவல் அலுவலருக்கு எழுதி, அந்தத் தரத்தில் வெற்றிடம் எத்தனை, எந்த அடிப்படையில் நிரப்புகிறார்கள், எத்தனை ஆசிரியருக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது, வசதிக் கட்டணம் என்ற பெயரில் வாங்கும் தொகையின் கடந்த வருடக் கணக்கு எங்கே என்ற நான்கையும் கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள், தருவதா இல்லையா என்ற முடிவை அவர் எழுத்தில் சொல்ல வேண்டும். பதில் வந்தால் அதன் பிரதியொன்றை எனக்கும் அனுப்பிவையுங்கள்; இதே பக்கத்தில் மற்றப் பெற்றோருக்காக வெளியிடுகிறேன்.